நான்காம் இடத்துக்கு ஊர்வலம் கிடையாது

ஆர்சனல், லிவர்பூல், செல்சி, மான்செஸ்டர் யுனைடெட், மான்செஸ்டர் சிட்டி, டாட்டன்ஹாம் கிளப்களின் தமிழ் ரசிகர்களுக்கு,

2025 ஜனவரி 12, ஞாயிற்றுக்கிழமை. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் இருக்கும் டாம்வொர்த் என்ற ஊருக்கு எஃப்ஏ கோப்பையின் மூன்றாம் சுற்று ஆட டாட்டன்ஹாம் வந்திறங்கியது. டாம்வொர்த் ஆடுவது ஐந்தாம் அடுக்கு லீக்கில். மைதானத்தில் நாலாயிரம் பேர் வந்தால் நிறைந்துவிடும். தரை செயற்கைப் புல். கோல்கீப்பர் ஜஸ் சிங் வார நாட்களில் கட்டிட சர்வேயர். 90 நிமிடங்கள் ஓடி முடிந்தபோது கோல்கணக்கு 0-0.

ஓராண்டுக்கு முன்பு என்றால் அந்த விசிலோடு ஊரே கூத்தாடியிருக்கும். டிரா ஆனால் மறு ஆட்டம். அதுவும் எதிரணியின் மைதானத்தில். 62,000 இருக்கைகள் கொண்ட டாட்டன்ஹாம் அரங்கில் கட்டிட சர்வேயர் கோல் காத்திருப்பார். நுழைவுச்சீட்டு வசூலில் டாம்வொர்த்துக்கும் பங்கு வந்திருக்கும். ஆனால் 2024-25 பருவத்திலிருந்து முதல் சுற்று தொடங்கி மறு ஆட்டமே இல்லை என்று விதி மாறியிருந்தது. கூடுதல் நேரம் தொடங்கியது. பெஞ்சில் உட்கார்ந்திருந்த சோன், குலுசெவ்ஸ்கி போன்றவர்கள் களமிறங்கினார்கள். பகல் வேலை பார்த்த கால்கள் தளர்ந்தன. 3-0 என்று டாட்டன்ஹாம் வென்றது.

அந்த 0-0 என்ன பெறும் என்பதை எக்ஸெட்டர் சிட்டியைக் கேட்டால் சொல்லும். 2005 ஜனவரியில், லீக் அமைப்பிலிருந்தே கீழே விழுந்து, கடனில் மூழ்கி, ரசிகர்களே சேர்ந்து ஏற்று நடத்திய அந்த கிளப், ஓல்ட் டிராஃபோர்டில் மான்செஸ்டர் யுனைடெட்டை 0-0 என்று நிறுத்தியது. மறு ஆட்டத்தில் 2-0 என்று தோற்றது. தோற்றால் என்ன? இரண்டு ஆட்டங்களின் வசூலும் தொலைக்காட்சிப் பணமும் கடன் சுமையை இறக்கி வைத்தன. கிளப் இன்றும் உயிரோடு இருக்கிறது. இன்றும் ரசிகர்கள் கையில்தான் இருக்கிறது.

மறு ஆட்டம் போனதற்குச் சொல்லப்பட்ட காரணம் நாள்காட்டி. ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் 2024-இல் பெருத்தது. 32 அணிகள் 36 ஆயின. முதல் கட்டத்தில் ஆறு ஆட்டங்கள் எட்டு ஆயின. எங்கிருந்தாவது நாட்களைப் பிடுங்கியாக வேண்டும். பிடுங்கிய இடம் டாம்வொர்த். பிரீமியர் லீக்கும் கால்பந்துச் சங்கமும் பேசி முடித்து 2024 ஏப்ரலில் அறிவித்தபோது, எங்களை ஒரு வார்த்தை கேட்டீர்களா என்று கீழ் டிவிஷன் கிளப்கள் வரிசையாக அறிக்கை விட்டன.

இம்மடல் உங்களுக்கு எழுதப்படுவது ஏன் என்ற கேள்விக்கு விடை அதற்குச் சரியாக மூன்றாண்டு முன்பு இருக்கிறது. 2021 ஏப்ரல் 18 அன்று, மேலே பெயர் சொன்ன ஆறு கிளப்களும் ஐரோப்பிய சூப்பர் லீக் என்ற தனிக்கடை போடப் போவதாக அறிவித்தன. லண்டனில் செல்சி ரசிகர்கள் தங்கள் கிளப்பின் பேருந்தையே மறித்தார்கள். இணையத்தில் நீங்களும் கொதித்தீர்கள். 48 மணி நேரத்துக்குள் ஆறும் வாலைச் சுருட்டிக்கொண்டன. பெரிய கிளப்களின் ரசிகர்கள் ஒரே குரலில் பேசினால் முதலாளிகள் கேட்பார்கள் என்பது அன்று நிரூபணமானது. மறு ஆட்டம் போனபோது எந்தப் பேருந்தும் மறிக்கப்படவில்லை. உங்களில் பலருக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. இரண்டு ஆட்டம் குறைந்தது, வீரர்களுக்குக் காயம் குறையும், லீக்கில் கவனம் செலுத்தலாம் என்றார்கள்.

"லீக்கில் கவனம் செலுத்தலாம்." கோப்பையில் தோற்ற இரவில் ரசிகர் குழுக்களில் முதலில் விழும் வாக்கியம் இதுதான். நரிக்குத் திராட்சை புளித்த கதை என்று சிரித்துவிட்டுப் போய்விடலாம். ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. அந்த நரி குதித்துப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னது.

இந்தப் பேச்சை ரசிகர்கள் தாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை என்பதும் உண்மை. ஆர்சனல் பயிற்சியாளர் ஆர்சென் வெங்கர், 2012 வாக்கில், சாம்பியன்ஸ் லீக்குக்குத் தகுதி பெறும் இடத்தில் முடிப்பதே ஒரு கோப்பைக்குச் சமம் என்று விளக்கினார். எஃப்ஏ கோப்பை அந்த வரிசையில் அதற்குப் பின்னால்தான் வந்தது. 2019 ஜனவரியில், சில நாட்கள் இடைவெளியில் இரண்டு உள்நாட்டுக் கோப்பைகளிலிருந்தும் வெளியேறிய டாட்டன்ஹாமின் பயிற்சியாளர் பொச்செட்டினோ, அந்தக் கோப்பைகள் அகந்தையைத்தான் வளர்க்கும், முதல் நான்கு இடங்களுக்குள் நிலைப்பதே கிளப்பை வளர்க்கும் என்ற பொருளில் பேசினார். அந்த ஆண்டே அவர் வேலை இழந்தார், ஒரு கோப்பைகூட இல்லாமல்.

கணக்குப்பிள்ளை பார்வையில் அவர்கள் சொன்னதில் தவறில்லை. எஃப்ஏ கோப்பை இறுதியில் வென்றால் பரிசுப் பணம் ஏறக்குறைய 20 லட்சம் பவுண்டு. பிரீமியர் லீக் பட்டியலில் ஒரே ஒரு படி மேலே முடித்தால் கிடைப்பது ஏறக்குறைய 30 லட்சம். கடைசி இடத்தில் முடித்துக் கீழே இறங்கும் கிளப்புக்கே 10 கோடி பவுண்டுக்கு மேல் வருகிறது. சாம்பியன்ஸ் லீக்கிலோ, காலை வைத்ததற்கே 1.8 கோடி யூரோவுக்கு மேல். இந்த எண்களைப் பார்த்துவிட்டு எந்த நிதி அதிகாரியும் பிப்ரவரி மாத ஐந்தாம் சுற்றுக்காகத் தூக்கம் கெடமாட்டார். அவர் சம்பளம் வாங்குவது அதற்காகத்தான். சம்பளமே வாங்காத நீங்கள் ஏன் அவர் கணக்கைச் சுமக்கிறீர்கள்?

ஆர்சனல் ரசிகர்களையே சாட்சிக்கு அழைக்கலாம். 2005-க்கும் 2014-க்கும் இடையே அவர்கள் அணி ஒவ்வோர் ஆண்டும் முதல் நான்கு இடங்களுக்குள் முடித்தது. வெங்கர் கணக்கில் ஒவ்வொன்றும் ஒரு கோப்பை. அவற்றில் எந்த ஆண்டு மூன்றாம் இடம், எந்த ஆண்டு நான்காம் இடம் என்று பிழையில்லாமல் சொல்லக்கூடியவர்கள் எத்தனை பேர்? ஆனால் 2014 மே 17-ஐக் கேளுங்கள். ஹல் சிட்டி எட்டு நிமிடங்களில் இரண்டு கோல் போட்டதும், கசோர்லாவின் ஃப்ரீகிக்கும், கூடுதல் நேரத்தில் ராம்சி குதிகாலால் வந்த பந்தை வாங்கி அடித்ததும் கண் முன்னால் ஓடும். மறுநாள் வடக்கு லண்டன் தெருக்களில் திறந்த பேருந்து போனது. அதே வெங்கர்தான் அந்தக் கோப்பையை மொத்தம் ஏழு முறை வென்றார். வேறெந்தப் பயிற்சியாளரும் அவ்வளவு வென்றதில்லை. மனிதர் பேசியது ஒன்று, அலமாரியில் வைத்தது வேறு.

மான்செஸ்டர் யுனைடெட்காரர்களின் வழக்கு இன்னும் சிக்கலானது. அவர்கள் மார்தட்டும் 1999-இன் மூன்று கோப்பைகளில், நினைவில் மிக உயரத்தில் நிற்கும் காட்சி எது? பார்சிலோனாவில் கடைசி நிமிடங்களில் விழுந்த இரண்டு கோல்கள் என்பார்கள் பாதிப் பேர். மீதிப் பாதி வில்லா பார்க்கைச் சொல்லும். ஏப்ரல் 14, எஃப்ஏ கோப்பை அரையிறுதி, எதிரணி ஆர்சனல். ராய் கீன் சிவப்பு அட்டை வாங்கிப் போய்விட்டார். ஆட்டம் முடியும் தறுவாயில் பெர்க்காம்ப் அடித்த பெனால்டியை ஷ்மைக்கேல் தடுத்தார். கூடுதல் நேரத்தில், விய்ராவின் தவறான பாஸைப் பிடித்த கிக்ஸ் தன் பாதி மைதானத்திலிருந்தே ஓடத் தொடங்கி, ஆர்சனலின் புகழ்பெற்ற தடுப்பு வரிசையைப் பிளந்து, பந்தைக் கூரைவலையில் செருகி, சட்டையைக் கழற்றிச் சுழற்றினார். முதல் ஆட்டம் 0-0. அதாவது, அந்த ஓட்டம் நடந்ததே ஒரு மறு ஆட்டத்தில். அதன்பின் அரையிறுதிகளுக்கு மறு ஆட்டம் கிடையாது என்று நிறுத்திவிட்டார்கள்.

சில மாதங்களில் அதே யுனைடெட், கையில் கோப்பையை வைத்துக்கொண்டே, அடுத்த ஆண்டுப் போட்டியிலிருந்து விலகியது. ஃபிஃபா பிரேசிலில் நடத்திய முதல் கிளப் உலகப் போட்டிக்குப் போக வேண்டுமாம். போகச் சொன்னவர்களில் கால்பந்துச் சங்கமும் உண்டு, அரசாங்கமும் உண்டு. 2006 உலகக் கோப்பையை நடத்தும் உரிமைக்காக ஃபிஃபாவைக் குளிர்விக்க வேண்டியிருந்தது. தன் சொந்தக் கோப்பையின் நடப்புச் சாம்பியனைச் சங்கமே வழியனுப்பி வைத்தது. வேலியே பயிரை மேய்ந்தது என்று சொல்ல இதைவிடப் பொருத்தமான இடம் அமையாது. யுனைடெட் பிரேசிலில் முதல் சுற்றிலேயே வெளியேறியது. 2006 உலகக் கோப்பை ஜெர்மனிக்குப் போனது. காலியான இடத்தை நிரப்ப, ஏற்கெனவே தோற்றுப்போன அணிகளிலிருந்து சீட்டுக் குலுக்கி டார்லிங்டன் என்ற சிறிய கிளப்பை எடுத்தார்கள். அதுவும் ஆஸ்டன் வில்லாவிடம் தோற்றது. ஒரு முடிவால் யாருக்குமே லாபமில்லை என்பது அபூர்வம்.

அதற்கு முன் ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்தக் கோப்பை என்னவாக இருந்தது என்பதைச் சுருக்கமாகவாவது சொல்ல வேண்டும். 1872 மார்ச்சில் கென்னிங்டன் ஓவலில் (ஆம், கிரிக்கெட் ரசிகர்கள் அறிந்த அதே ஓவல்தான்) முதல் இறுதி ஆட்டம். 1923-இல் புத்தம் புதிய வெம்ப்ளியில் கணக்கில் வந்தவர்களே 1,26,047 பேர். சுவரேறி வந்தவர்களைச் சேர்த்தால் இரண்டு லட்சம் இருக்கும் என்கிறார்கள். ஆடுகளத்தில் வழிந்த கூட்டத்தை பில்லி என்ற வெளிர்க் குதிரையில் வந்த காவலர் ஓரம் ஒதுக்கிய பிறகே ஆட்டம் தொடங்கியது. 1983-இல் லீக் ஆட்டங்கள் ஒழுங்காக நேரலைக்கு வரும்வரை, ஆங்கிலேயர் வீட்டிலிருந்து முழுதாகப் பார்த்த கிளப் ஆட்டங்களில் தலையானது இந்த இறுதிதான். 2011-இலோ அந்த இறுதி நாளன்றே லீக் ஆட்டங்களும் நடந்தன. சிட்டி கோப்பையைத் தூக்கிய அதே சனிக்கிழமை யுனைடெட் லீக் பட்டத்தை உறுதி செய்துகொண்டது. கல்யாண வீட்டுப் பந்தலிலேயே இன்னொரு கல்யாணம்.

பத்து மாற்றங்கள் என்ற நோயும் கூடவே வளர்ந்தது. 2025 பிப்ரவரி 9 அன்று, லீக்கில் முதலிடத்தில் இருந்த லிவர்பூல், இரண்டாம் டிவிஷனில் கடைசி இடத்தில் கிடந்த பிளிமத்துக்குப் போனது. முந்தைய ஆட்டத்தில் தொடங்கிய பதினொருவரில் பத்துப் பேரைப் பயிற்சியாளர் அர்னே ஸ்லாட் மாற்றினார். ரயன் ஹார்டி அடித்த ஒரு பெனால்டி போதுமானதாக இருந்தது. அந்தப் பருவம் லிவர்பூல் லீக்கை வென்றது. ஆகவே ஸ்லாட் செய்தது சரி என்று வாதாட இடமுண்டு. வீரர்களின் களைப்பு பொய்யல்ல. ஆனால் 2019 டிசம்பரில் அதே கிளப் கத்தாரில் ஒரு போட்டிக்கும், பர்மிங்ஹாமில் லீக் கோப்பைக் காலிறுதிக்கும் அடுத்தடுத்த நாட்களில் அணி அனுப்ப வேண்டியிருந்தது. வில்லாவிடம் 5-0 என்று தோற்றது பதின்வயதுப் பையன்கள். அட்டவணையைப் போட்டவர்கள் யாரும் அந்த ஐந்து கோலை வாங்கவில்லை.

இதே லிவர்பூலிடம் மறுபக்கக் கதையும் ஒன்று இருக்கிறது. 2020 பிப்ரவரியில் ஷ்ரூஸ்பரியுடன் மறு ஆட்டம். முதன்மை அணிக்கு விடுமுறை, அன்றைய பயிற்சியாளர் கிளாப் வரவில்லை. 23 வயதுக்குட்பட்டோர் அணியின் பயிற்சியாளர் நீல் கிரிட்ச்லி பொறுப்பேற்றார். நாடே முகம் சுளித்தது. ஆனால் ஆன்ஃபீல்டில் அன்றிரவு 52,000-க்கும் மேற்பட்டோர் வந்திருந்தார்கள். பெரிய லீக் ஆட்டங்களுக்குச் சீட்டு வாங்க முடியாத உள்ளூர்க் குடும்பங்களுக்கு, பிள்ளைகளோடு உள்ளே நுழைய ஒரு வழி கிடைத்திருந்தது. பையன்கள் 1-0 என்று வென்றார்கள். அலட்சியம் மேலிருந்து வந்தது. கேலரியில் அது இல்லை. இந்த வேறுபாட்டை உங்களுக்குச் சுட்டத்தான் இவ்வளவு நீளமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கோப்பைக்காக லீக்கைக் கோட்டைவிட்டால் என்ன ஆகும் என்று கேட்பீர்கள். விகனைக் காட்டுவீர்கள். 2013 மே 11 அன்று, பணத்தில் மிதந்த மான்செஸ்டர் சிட்டியை பென் வாட்சனின் கடைசி நிமிடத் தலைமுட்டலால் 1-0 என்று வென்ற விகன், மூன்றே நாளில் ஆர்சனலிடம் தோற்றுப் பிரீமியர் லீக்கிலிருந்து இறங்கியது. ஒரே பருவத்தில் எஃப்ஏ கோப்பையும் பதவியிறக்கமும் கண்ட முதல் கிளப் அது. பரிதாபக் கதை என்றுதான் பல இடங்களில் எழுதினார்கள். அடுத்த ஆண்டு இரண்டாம் டிவிஷனிலிருந்து சிட்டியின் மைதானத்துக்கே போய்க் காலிறுதியில் மறுபடி தோற்கடித்ததையும், 2018-இல் மூன்றாம் டிவிஷனிலிருந்து மூன்றாம் முறையாகத் தோற்கடித்ததையும் பரிதாபக்காரர்கள் சேர்த்துச் சொல்வதில்லை. பிரீமியர் லீக்கில் பத்து ஆண்டுகள் பதினாறாம் இடத்தில் முடித்த கிளப்புக்கு இப்படி ஒரு சரித்திரம் அமையாது.

டாட்டன்ஹாம் ரசிகர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. 2024-25 பருவத்தில் அவர்கள் அணி லீக்கில் 17-ஆம் இடம். இன்னும் ஒரு படி சறுக்கினால் பதவியிறக்கம். அதே மே மாதம் பில்பாவோவில் யூரோப்பா லீக்கை வென்று, 2008-க்குப் பிறகு முதல் கோப்பையோடு ஊர் திரும்பியபோது தெருக்கள் கொள்ளவில்லை. முதல் நான்கு இடங்களுக்குள் நிலைத்த அந்த நல்ல ஆண்டுகளில் ஒன்றுக்காவது இப்படி ஒரு பேருந்து போனதா?

அந்த ஒரே வசந்தத்தில் இன்னும் இரண்டு நடந்தன. மார்ச் 16 அன்று லீக் கோப்பை இறுதியில், நீங்கள் மிக்கி மவுஸ் கோப்பை என்று கிண்டலடிப்பீர்களே அதே கோப்பையில், நியூகாசில் லிவர்பூலை 2-1 என்று வென்றது. 1955-க்குப் பிறகு அந்த கிளப்பின் முதல் பெரிய உள்நாட்டுக் கோப்பை. முதல் கோலைத் தலையால் இடித்தவர் டேன் பர்ன், பக்கத்து ஊரான பிளைத்தில் பிறந்து அதே அணியின் ரசிகராக வளர்ந்தவர். எழுபது வயதுப் பெரியவர்கள் அழுத படங்களை உலகம் பார்த்தது. மே 17 அன்று கிறிஸ்டல் பேலஸ், எஸே அடித்த ஒற்றைக் கோலாலும், மர்மூஷின் பெனால்டியை ஹெண்டர்சன் தடுத்ததாலும் சிட்டியை வென்றது. 1905-இல் தொடங்கிய கிளப்புக்கு முதல் பெரிய கோப்பை அதுதான்.

பேலஸுக்குப் பரிசாக யூரோப்பா லீக் இடம் கிடைக்க வேண்டும். கிடைக்கவில்லை. பேலஸில் பங்கு வைத்திருந்த ஜான் டெக்ஸ்டர் பிரான்சின் லியோன் கிளப்பிலும் முதலாளி. ஒருவர் பிடியில் உள்ள இரண்டு கிளப்கள் ஒரே போட்டியில் ஆடக்கூடாது என்ற விதிப்படி, ஐரோப்பியக் கால்பந்துச் சங்கம் பேலஸை ஒரு படி கீழேயுள்ள கான்ஃபரன்ஸ் லீக்குக்குத் தள்ளியது. மேல்முறையீடும் தோற்றது. அந்த இடம் லீக்கில் ஏழாவதாக முடித்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்குப் போனது. விதி விதிதான், மார்ச் முதல் தேதிக்குள் பங்குகளைச் சரிசெய்திருக்க வேண்டும் என்பதும் சரிதான். ஆனால் வெம்ப்ளியில் வென்றது ஒரு பங்குதாரரின் பத்திரங்களால் செல்லாமல் போனபோது, மற்ற கிளப்களின் ரசிகர்களுக்கு அது வேடிக்கைச் செய்தியாக மட்டும் இருந்தது.

பிறகு 2026 ஜனவரி 10. நடப்புச் சாம்பியன் பேலஸ் மூன்றாம் சுற்றுக்காக மேக்கிள்ஸ்ஃபீல்ட் போனது. ஆறாம் அடுக்கு அணி; இரண்டுக்கும் இடையே 117 இடங்கள். அந்த ஊரின் பழைய கிளப் 2020-இல் கடனால் கலைக்கப்பட்டு, புதிதாகத் தொடங்கப்பட்டு, அடியிலிருந்து ஏறி வந்துகொண்டிருந்தது. மேக்கிள்ஸ்ஃபீல்ட் 2-1 என்று வென்றது. லீக்குக்கு வெளியே இருக்கும் அணி ஒன்று நடப்புச் சாம்பியனை வெளியேற்றியது 1909-க்குப் பிறகு அதுவே முதல் முறை. 1909-இல் அப்படி வுல்வ்ஸை வெளியேற்றிய சின்ன அணியின் பெயர் கிறிஸ்டல் பேலஸ்.

இம்மடலை எழுதுபவர் உங்களிடம் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. சாம்பியன்ஸ் லீக்குக்காக நள்ளிரவு ஒன்றரை மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, மறுநாள் அலுவலகத்தில் கொட்டாவி விடுபவர்கள் நீங்கள். மூன்றாம் சுற்றுச் சனிக்கிழமையில் மாலை மூன்று மணிக்கு அங்கே தொடங்கும் ஆட்டம் நமக்கு இரவு எட்டரைதான். சாப்பாட்டுத் தட்டோடு உட்காரலாம். பத்து மாற்றங்களோடு அணிப் பட்டியல் வெளியாகும்போது "புத்திசாலித்தனம்" என்று எழுதும் விரலைக் கொஞ்சம் நிறுத்தலாம். உங்கள் ஊர் ரசிகர் மன்றத்துக்குக் கிளப்பின் அங்கீகாரம் இருந்தால், ஆண்டுக்கு ஒருமுறை வரும் கருத்துப் படிவத்தில் சட்டை விலைக்குக் கீழே மறு ஆட்டத்தைப் பற்றியும் ஒரு வரி சேர்க்கலாம். நாலாவது அடுக்கில் ஏதோவொரு அணியோடு உங்கள் அணிக்குச் சீட்டு விழுந்தால், அந்த ஊர் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்று தேடிப் பாருங்கள்.

டாம்வொர்த்தைத் தேடினால் பர்மிங்ஹாமுக்கு வடகிழக்கே, இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் கிடைக்கும்.